கையில் வரைபடம், காலில் நல்ல சப்பாத்து: பழைய மொன்றியலை நாமே நடந்து பார்ப்போம்



எங்கள் நேயர் ஒருவர் குடும்பத்தோடு போலந்து நாட்டின் கிராகோவ் நகரத்துக்குப் போய்வந்த கதையை ஒலிபரப்பின்போது தொலைபேசியில் சொன்னார். 1978ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட முதலாவது உலக மரபுரிமைப் பட்டியலிலேயே இடம்பிடித்த பழைய நகரம் அது. வழிகாட்டிக்குக் காசு கொடுக்காமல், கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு ஒவ்வொரு சந்தியாக நடந்து பார்த்தோம் என்று மிகவும் சந்தோஷமாகச் சொன்னார். நான் சும்மா இருக்க மாட்டாமல், "நீங்கள் இங்கை இருபத்தைந்து வருசமாய் இருக்கிறியள். பழைய மொன்றியலை அப்படி நடந்து பார்த்திருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டேன். ஒரு கணம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது: "அங்கை கார் நிப்பாட்ட இடமில்லை அண்ணை, அதாலை போறேல்லை."

அன்று நானும் சிரித்தேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால் நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். நம்மில் பலருக்கு மொன்றியல் என்றால் வேலைத்தலம், வழக்கு விசாரணைக்குப் போன கட்டடம், பிள்ளைகளின் பாடசாலை, கோயில், தமிழ்க்கடை. நகரத்தை நகரமாகப் பார்க்க நமக்கு நேரம் இருக்கவில்லை. ஆகவே இந்த மாதப் பேச்சில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து புறப்பட்டு, வழிகாட்டி இல்லாமல், அரை நாளில் பழைய மொன்றியலை நடந்து பார்ப்பது எப்படி என்று விளக்குகிறேன். பேச்சைக் கேட்டவர்கள் எழுத்தில் தரும்படி கேட்டதால், கொஞ்சம் விரிவாகவே தருகிறேன்.

புறப்படும் முன்

நான் கணக்காளன். கணக்கியலில் முதல் பாடம் இரட்டைப் பதிவு: எந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒன்றை மட்டும் எழுதினால் கணக்குச் சமப்படாது. நகரத்தைப் பார்க்கவும் அதே முறையைத்தான் சொல்வேன். ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கத்தில் அந்த இடத்திலுள்ள சிலையும் பலகையும் என்ன சொல்கின்றன என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் அவை சொல்லாமல் விட்டதையும், அதைப் பார்த்தபோது உங்களுக்கு நினைவு வந்ததையும் எழுதுங்கள். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் கொப்பியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதலாவது பதிவை வீட்டு வாசலிலேயே எழுதலாம். நமது ஊருக்குப் பெயர் தந்த அடம் டொலார்ட் டெஸ் ஓர்மோ, இன்றைய மொன்றியலின் தொடக்கமான வில்-மரி என்ற சிறு குடியேற்றத்தில் இருந்த ஓர் இளைஞர். 1660ஆம் ஆண்டு மே மாதம், பதினாறு பிரெஞ்சுத் தோழர்களோடும் ஹியூரன், அல்கொன்கின் கூட்டாளிகளோடும், ஒட்டாவா ஆற்றங்கரையில் லோங் சோல்ட் என்ற இடத்தில் இரொக்குவா படையோடு மோதி இறந்தார். குடியேற்றத்தைக் காக்க உயிர் கொடுத்த வீரர் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தினார்கள். பின்னர் வந்த வரலாற்றாசிரியர்கள் சிலர், அவர் தோல் வியாபாரப் படகுகளை மறிக்கத்தான் போனார் என்று வாதிட்டார்கள். கியூபெக்கில் மே மாதத்தில் அவர் பெயரால் இருந்த விடுமுறை 2003ஆம் ஆண்டு முதல் தேசபக்தர் தினமாக மாறியது. ஒரே ஆள், இரண்டு பக்கப் பதிவு. கொப்பி தொடங்கிவிட்டது.

எப்படிப் போவது

காரை வீட்டில் விடுங்கள். பழைய டெ-மொன்ராஞ் ரயில் 2020 முடிவோடு நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். 2025 நவம்பரில் அதே பாதையில் 'றெம்' என்னும் புதிய மின்ரயில் ஓடத் தொடங்கியது. சன்னிபுறூக் அல்லது பியர்ஃபோன்ட்ஸ்-றொக்ஸ்பரோ நிலையத்தில் ஏறி, மத்திய நிலையத்தில் இறங்கி, நிலத்துக்கு அடியாலேயே பொனவெந்தூர் மெற்றோவுக்கு நடந்து, செம்மஞ்சள் பாதையில் மொன்மொரென்சி திசையில் இரண்டாவது நிலையமான பிளாஸ்-டார்மில் இறங்குங்கள். திருத்த வேலைக்காகச் சேவையைச் சில வேளை நிறுத்துவார்கள், முதல் நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைத் தூரம் எல்லாமாக மூன்று கிலோமீற்றர் அளவு வரும். நின்று பார்த்து நடக்க மூன்று மணித்தியாலம் வையுங்கள். வீதிகள் பல இடங்களில் கல் பதித்தவை, ஆகவே குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். மே முதல் ஒக்ரோபர் வரை நல்ல காலம்.

முதல் தரிப்பு: பிளாஸ் டார்ம்

மெற்றோவில் இருந்து மேட்டில் ஏறினால் இந்தச் சதுக்கம். நடுவில் மெசொன்னூவின் சிலை. லூயி-பிலிப் ஏபெர் என்ற சிற்பி செய்து 1895இல் நிறுவியது. வில்-மரியை நிறுவியவர் கொடியோடு மேலே நிற்கிறார். அடியில் நான்கு மூலையிலும் நான்கு உருவங்கள்: மருத்துவமனை நிறுவிய ஜான் மான்ஸ், தன் நாயோடு லம்பேர் குளோஸ், ஷார்ல் லெ மொய்ன், நான்காவதாக ஓர் இரொக்குவா வீரர். மற்ற மூவருக்கும் பெயர் உண்டு, அவருக்கு இல்லை. வலப்பக்கத்தில் எழுத வேண்டிய விஷயம் இது.

சிலையடியில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் நானூறு வருடத்தைப் பார்த்துவிடலாம். தெற்கே நோத்ர-டாம் பேராலயம். 1824இல் தொடங்கி 1829இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள், கோபுரங்கள் 1840களில்தான் முடிந்தன. இதை வரைந்த ஜேம்ஸ் ஓ'டொனல் அயர்லாந்தில் பிறந்து நியூயோர்க்கில் தொழில் செய்தவர், புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கர்களின் மிகப் பெரிய கோயிலைக் கட்ட வெளியாள் ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். இறக்கும் தறுவாயில் அவர் கத்தோலிக்கராகி அந்த ஆலயத்தின் கீழேயே அடக்கமானார். உள்ளே பார்க்கக் கட்டணம் உண்டு. ஒருமுறையாவது போகத் தகுந்த இடம்.

ஆலயத்தின் பக்கத்தில் கல் மதிலும் பழைய மணிக்கூடும் உள்ள கட்டடம் சுல்பீசியன் குருமாரின் மடம். 1684இல் தொடங்கியது, நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. 1663இல் இருந்து இந்தக் குருமார்தான் முழுத் தீவுக்கும் நிலப்பிரபுக்கள். நாம் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோக் காணிகளும் அந்த நாளில் இவர்களுடைய ஏட்டில்தான் இருந்தன.

வடக்கே தூண்களோடு நிற்பது மொன்றியல் வங்கி. 1817இல் நிறுவப்பட்ட கனடாவின் முதல் வங்கி. இந்தக் கட்டடம் 1847இல் முடிந்தது. வங்கிக்கு முந்திய கதை அதைவிடச் சுவையானது. 1685இல் பிரான்சில் இருந்து பணக் கப்பல் வந்து சேராததால், நிர்வாகி ஜாக் டெ மூல் விளையாட்டுச் சீட்டுகளில் கையொப்பமிட்டு, அவற்றையே பணமாகப் படையினருக்குச் சம்பளம் கொடுத்தார். இந்த நாட்டின் முதற் காகிதப் பணம் அதுதான். சீட்டு விளையாடும் மாமாமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கிழக்குப் பக்கம் சிவப்புக் கல்லில் எட்டு மாடியோடு நிற்பது 1880களின் இறுதியில் கட்டிய நியூயோர்க் லைஃப் கட்டடம், நகரின் முதல் உயர்மாடி. அதற்கு அருகில் 1931இல் முடிந்த 23 மாடி ஓல்ட்ரெட் கட்டடம். பிள்ளைகளை மாடிகளை எண்ணச் சொல்லுங்கள்.

இரண்டாவது தரிப்பு: புவான்-ஆ-கல்லியேர்

பேராலயத்தின் ஓரத்தால் சான்-சுல்பிஸ் வீதியில் இறங்குங்கள். ஜான் மான்சின் ஓத்தெல்-டியூ மருத்துவமனை இந்த வீதியில்தான் இருந்தது. ஆற்றங்கரைக்கு வந்து வலது பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் நடந்தால் புவான்-ஆ-கல்லியேர் நூதனசாலை. 1642 மே 17ஆம் நாள் மெசொன்னூவும் ஜான் மான்சும் ஏறத்தாழ ஐம்பது பேரோடு படகில் வந்திறங்கிய இடம் இதுவே. அதன் 350ஆவது ஆண்டு நிறைவில், 1992இல், அந்த நிலத்தின் மேலேயே நூதனசாலையைத் திறந்தார்கள். உள்ளே போனால் நிலத்துக்குக் கீழே பழைய சுவர்களுக்கு நடுவில் நடக்கலாம். 1642 என்றால் நமது யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்த காலம் என்று சொன்னால், பிள்ளைகளுக்கு இரண்டு ஊரின் காலமும் ஒன்றாக விளங்கும்.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 1642இல் இல்லை, 1701இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள், ஏறத்தாழ நாற்பது முதற்குடி மக்களினங்களின் பேராளர்கள், சுமார் 1,300 பேர், இங்கே கூடிப் பிரெஞ்சு ஆளுநர் கல்லியேரோடு பெரும் சமாதான உடன்படிக்கை செய்தார்கள். நூற்றாண்டு காலச் சண்டை அதோடு ஓய்ந்தது. அதற்காக மிகவும் பாடுபட்ட ஹியூரன்-வென்டாட் தலைவர் கொண்டியாறொங், கடும் காய்ச்சலோடு சபையில் பேசி, கையொப்பத்துக்கு இரண்டு நாள் முன்னர் இறந்துபோனார். அந்தத் தலைவர்கள் எழுத்தால் கையொப்பமிடவில்லை, தங்கள் இனத்தின் அடையாளமாக விலங்குகளையும் பறவைகளையும் வரைந்தார்கள். ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களைப் பார்த்த என் கண்ணுக்கு அதைவிட அழகான கையொப்பத்தாள் இன்னும் படவில்லை.

மூன்றாவது தரிப்பு: பிளாஸ் டி'யூவில்

நூதனசாலைக்குப் பின்னால் மேற்கே நீளும் திறந்த வெளி இது. அமைதியான இடம். இங்கே சந்தைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1844 முதல் 1849 வரை அதுவே ஐக்கிய கனடாவின் பாராளுமன்றம். ஆம், நாட்டின் தலைநகரமாக மொன்றியல் இருந்த காலம் அது.

1837, 1838இல் நடந்த கிளர்ச்சியின்போது கீழ்க் கனடாவில் வீடுவாசல் இழந்தவர்களுக்கு நட்டஈடு கொடுக்க ஒரு சட்டமூலம் வந்தது. கிளர்ச்சிக்காரர்களுக்கும் பணம் போகப் போகிறது என்று ஆங்கிலேயத் தரப்பில் ஒரு சாரார் கொதித்தார்கள். 1849 ஏப்பிரல் 25ஆம் நாள் ஆளுநர் எல்ஜின் பிரபு அதற்குச் சம்மதக் கையொப்பம் வைத்தார். அன்றிரவு ஷாம் டெ மார்ஸ் மைதானத்தில் கூடிய கும்பல் இங்கே ஊர்வலமாக வந்து, யன்னல்களை உடைத்து, தீ மூட்டியது. பாராளுமன்றத்தோடு அதன் நூலகமும் எரிந்தது. 20,000க்கும் மேற்பட்ட நூல்கள். மிஞ்சியவை சில நூறு மட்டுமே. அதன்பின் மொன்றியல் மீண்டும் தலைநகரமாகவில்லை.

இந்த இடத்தில் நின்று நான் இதை என் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நூலகம் என்ற சொல் வந்ததும் என்னால் தொடர முடியவில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சிறுவர் பகுதியில் விட்டுவிட்டு, தான் மேலே பத்திரிகை வாசிப்பார். அந்தக் கட்டடம் கரியாக நின்றதை நான் பார்த்தேன். மகளுக்கு அப்போது பதினாறு வயது. அதுவரை நான் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகளின் மனதில் பாரம் ஏற்றக்கூடாது என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்திருந்தோம்.

"எத்தனை புத்தகம் அப்பா?" என்று கேட்டாள். "ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம். ஏட்டுச்சுவடிகளும் இருந்தன," என்றேன். கொப்பியில் இடப்பக்கம் 20,000, வலப்பக்கம் 97,000 என்று எழுதினாள். பிறகு, "ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?" என்றாள். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. வாங்கில் இருந்து மீதியைச் சொல்லத் தொடங்கினேன். அன்று அந்தத் தரிப்பில் மட்டும் ஒரு மணித்தியாலம் போனது.

இரண்டு தீயும் ஒன்றல்ல. இங்கே எரித்தவர்கள் ஆளுநர் மேல் கோபம் கொண்ட குடிமக்கள். யாழ்ப்பாணத்தில் எரித்தவர்கள் பொலிஸாரும் காடையர்களும். அந்த வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிளாஸ் டி'யூவிலில் அண்மைய ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் பல தடவை தோண்டி, எரிந்த பாராளுமன்றத்தின் எச்சங்களை வெளியே எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். நமது நூலகமும் திருத்தப்பட்டு 2003 முதல் மீண்டும் வாசகர்களுக்குத் திறந்திருக்கிறது.

நான்காவது தரிப்பு: சாம்பல் நிறக் கன்னியரின் மதில்

அங்கிருந்து சில அடி தூரத்தில் சான்-பியர் வீதியில் பழைய பொது மருத்துவமனையின் கற்சுவர்கள் நிற்கின்றன. 1747இல் மார்கரித் டி'யூவில் இதைப் பொறுப்பேற்று, ஏழைகளையும் வாசலில் விடப்பட்ட குழந்தைகளையும் பராமரித்தார். அவருடைய சபையினர்தான் சாம்பல் நிறக் கன்னியர்.

1847இல் அயர்லாந்தின் பஞ்சத்தில் இருந்து தப்பிய மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். கப்பலோடு கொடிய காய்ச்சலும் வந்தது. நகர மக்கள் பயந்தார்கள். அப்படி வந்தவர்களை ஆற்றில் தள்ளிவிட வேண்டும் என்று கத்தியவர்களும் இருந்தார்கள். இந்தக் கன்னியர் ஆற்றங்கரைக் கொட்டில்களுக்குப் போய் நோயாளரைப் பார்த்தார்கள், சிலர் அதே நோயில் இறந்தார்கள். நகர பிதா ஜோன் ஈஸ்டன் மில்ஸ் தானே போய்ப் பராமரித்து, அந்த நவம்பரில் அதே காய்ச்சலுக்குப் பலியானார். ஏறத்தாழ 6,000 அகதிகள் அங்கே புதைக்கப்பட்டார்கள். விக்டோரியாப் பாலம் கட்டிய தொழிலாளர்கள் 1859இல் ஆற்றில் எடுத்த பெரும் பாறை ஒன்றை அந்தப் புதைகுழிகளின் மேல் நிறுத்தினார்கள். அது நமது நடைப்பாதைக்கு வெளியே இருக்கிறது. பாலத்தடியில் காரில் போகும்போது பார்க்கலாம். இன்று அந்த அயர்லாந்துக்காரரின் சின்னமான மூவிலைத் தளை, மொன்றியல் நகரக் கொடியிலேயே இருக்கிறது.

ஐந்தாவது தரிப்பு: சான்-போல் வீதி

இனிக் கிழக்கு நோக்கி, நகரின் மிகப் பழைய வீதிகளில் ஒன்றான சான்-போல் வீதியால் நடவுங்கள். 1672இல் டொலியே டெ கசொன் வீதிகளை அளந்து குறித்தபோது, ஏற்கெனவே இருந்த ஒற்றையடிப் பாதையே இந்த வீதியானது. அதனால்தான் நேராக இல்லாமல் வளைந்து போகிறது.

இந்த வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில், 1990இல் நான் வந்த புதிதில், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வருவேன். இரண்டு வருடத்தில் முன்பக்கத்தை நான் பார்த்தது சில தடவைதான். அண்மையில் அந்த ஒழுங்கையை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டினேன். உங்களுக்கும் இப்படி ஒரு பின்வாசல் இந்த நகரில் எங்கேயாவது இருக்கும். வரைபடத்தில் அதையும் ஒரு தரிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வீதியில் இன்னுமொரு பின்வாசல் கதை உண்டு. மரி-ஜோசெஃப் அஞ்சலிக் என்ற கறுப்பினப் பெண் இங்கே ஒரு வியாபாரியின் விதவையின் வீட்டில் அடிமையாக இருந்தார். 1734 ஏப்பிரல் 10ஆம் நாள் மாலை மூண்ட தீ, நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் முன்னர் சொன்ன ஓத்தெல்-டியூவையும் எரித்தது. தீ வைத்தவர் அவர்தான் என்று ஊர் பேசியது. சித்திரவதை செய்து, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, ஜூன் 21ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். உண்மையில் அவர் செய்தாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாக்குமூலம் எப்படி எடுக்கப்படும் என்று நமது மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கனடாவில் அடிமைமுறையே இருக்கவில்லை என்று நினைப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. பிரித்தானியப் பேரரசில் அது சட்டப்படி ஒழிந்தது 1834இல்தான். நடையின் முடிவில் வரும் ஷாம்-டெ-மார்ஸ் மெற்றோவுக்கு அருகே இன்று ஒரு சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆறாவது தரிப்பு: பொன்செக்கூர்

தொடர்ந்து நடந்தால் இடப்பக்கத்தில் ஜாக்-கார்த்தியே சதுக்கம் மேடாக ஏறிப்போகும். அதன் உச்சியில் நெல்சன் தூண், 1809இல் நட்டது. லண்டன் நெல்சன் தூணைவிட முப்பது வருடம் மூத்தது. கால் வலித்தால் இங்கே இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், விலை மட்டும் கொஞ்சம் கூட. நாங்கள் வீட்டில் இருந்து இடியப்பப் புரியாணி கட்டிக்கொண்டு போனோம்.

அதற்கு அடுத்து வெள்ளிநிறக் குவிமாடத்தோடு பொன்செக்கூர்ச் சந்தை, 1847இல் திறந்தது. பாராளுமன்றம் எரிந்ததும் உறுப்பினர்கள் முதலில் வந்து கூடியது இங்கேதான். பிறகு கால் நூற்றாண்டு நகரசபையும் இதில் இயங்கியது.

சந்தையைக் கடந்தால் நோத்ர-டாம்-டெ-பொன்செக்கூர்ச் சிற்றாலயம். மார்கரித் பூர்ஜுவா என்ற ஆசிரியை கட்டுவித்த முதல் ஆலயம் 1754இல் எரிந்தது. இப்போதுள்ளது 1771இல் எழுந்தது. அவர் 1658இல், ஒரு தொழுவத்தில், நகரின் முதல் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அதே 1658இல்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள்.

இதை மாலுமிகளின் ஆலயம் என்பார்கள். ஆற்றை நோக்கி, கைகளை விரித்தபடி, கூரையின் மேல் மாதா நிற்கிறா. உள்ளே போய் மேலே பாருங்கள். சின்னச் சின்னக் கப்பல்கள் கயிற்றில் தொங்கும். கடலில் உயிர் பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து கட்டியவை. மடு மாதா கோயிலுக்கும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் போனவர்களுக்கு நேர்த்திக்கடனைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

1986 ஓகஸ்ட் 11ஆம் நாள், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீனவர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார்கள். உள்ளே 155 தமிழர்கள். அந்த மீனவர்கள் கரை சேர்த்தார்கள். சில நாட்களில் அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கப்பல்களின் கீழே நின்றபோது நான் அவர்களைத்தான் நினைத்தேன். கொப்பியின் வலப்பக்கத்தில் அந்தத் திகதியை எழுதிக்கொண்டோம்.

ஏழாவது தரிப்பு: நகர மண்டபமும் மதிலும்

ஆலயத்துக்கு எதிரே தொடங்கும் பொன்செக்கூர் வீதியில் மேலே ஏறுங்கள். வழியில் பப்பினோ குடும்பத்தின் வீடு. 1837 தேசபக்தர்களின் தலைவர் லூயி-ஜோசெஃப் பப்பினோ வாழ்ந்தது இங்கே. மே மாத விடுமுறை இன்று நினைவுகூர்வது அவரைப் போன்றவர்களைத்தான்.

நோத்ர-டாம் வீதியில் இடப்பக்கம் திரும்பினால் 1705இல் கட்டிய ஷாத்தோ றம்சே மாளிகை. 1775இல் அமெரிக்கப் படை நகரைப் பிடித்தபோது இது அவர்களின் தலைமையகம். கியூபெக்கைத் தங்களோடு சேரச் சொல்லிக் கேட்க 1776இல் பெஞ்சமின் பிராங்கிளின் வந்து, கை விரித்துத் திரும்பினார். அவர்கள் கூட்டிவந்த அச்சுக்காரர் ஃப்ளரி மெஸ்ப்ளே மட்டும் இங்கேயே தங்கி, 1778இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். இன்றைய மொன்றியல் கெசற் அதன் வழிவந்ததே.

எதிரே நகர மண்டபம். 1878இல் முடிந்து, 1922இல் தீயில் சுவர்கள் மட்டும் மிஞ்ச, அந்தச் சுவர்களை வைத்தே திரும்பக் கட்டி எழுப்பினார்கள். 1967 ஜூலை 24ஆம் நாள் பிரான்ஸ் அதிபர் டெ கோல் 'சுதந்திர கியூபெக் வாழ்க' என்று முழங்கியது இதன் மாடத்தில் நின்றுதான்.

மண்டபத்தின் பின்னால் இறங்கினால் ஷாம் டெ மார்ஸ் புல்வெளி. 1849இல் தீ வைக்கப் புறப்பட்ட கும்பல் கூடிய இடம். புல்லின் நடுவே இரண்டு வரிசைக் கற்சுவர் நிலத்தோடு நிலமாக ஓடுவதைக் காணலாம். 1717இல் தொடங்கிக் கட்டிய கோட்டை மதிலின் அடி அது. நகரம் வளர அது தடையாக இருந்ததால் 1804இல் இருந்து இடித்தார்கள். அதைத் தாண்டினால் ஷாம்-டெ-மார்ஸ் மெற்றோ. உள்ளே மார்செல் ஃபெரொன் 1968இல் செய்த வர்ணக் கண்ணாடிச் சுவர் இருக்கிறது. மாலை வெயில் பட்டால் நிலமெல்லாம் சிவப்பும் நீலமுமாக இருக்கும். எங்கள் கடைசிக் குட்டி அந்த நிறங்களுக்கு மேலே பாய்ந்து பாய்ந்து விளையாடியதால் ஒரு ரயிலை விட்டுவிட்டோம்.

சில நடைமுறைக் குறிப்புகள்

ஒவ்வொரு தரிப்பையும் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து, முதல் நாள் வாசித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்கு விளக்கட்டும். பலகைகளில் பிரெஞ்சு வரும், பிள்ளைகள் அதை வாசித்துத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்லட்டும். வயதானவர்கள் வந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள்: முதல் நான்கு தரிப்பு ஒரு நாள், மற்ற மூன்றும் இன்னொரு நாள். நடுவில் யாராவது ஊர்க்கதை சொல்லத் தொடங்கினால், நேரமாகிறது என்று மறிக்காதீர்கள். மீதித் தரிப்புகளை அடுத்த கிழமை பார்க்கலாம்.

எங்கள் கொப்பியில் அன்று இடப்பக்கம் ஐந்து தாளும் வலப்பக்கம் ஒன்பது தாளும் நிரம்பின. கணக்குச் சமப்படவில்லை. மகள் அதைத் தன் மேசையில் வைத்திருக்கிறாள், இடைக்கிடை வந்து, "அப்பா, அந்த நூலகத்திலை மேல்மாடியிலை என்ன இருந்தது?" என்ற மாதிரிக் கேள்விகள் கேட்கிறாள்.

நீங்களும் நடந்து பார்த்தால், உங்கள் வலப்பக்கத்தில் என்ன எழுதினீர்கள் என்று எங்களுக்கு எழுதியோ, ஒலிபரப்பின்போது தொலைபேசியில் அழைத்தோ சொல்லுங்கள். கிராகோவுக்குப் போய்வந்த நேயர் போன கிழமை அழைத்தார். காரை வீட்டில் விட்டுவிட்டு றெம்மில் போனாராம். அவருக்கும் பிளாஸ் டி'யூவிலில்தான் அதிக நேரம் போனதாம்.

அடுத்த மாதம் வேறொரு பேச்சில் சந்திப்போம்.